அகர வரிசையா, தீமா, வடிவ வரிசையா: வீட்டில் தமிழ் எழுத்தைத் தொடங்க எந்த வழி?

மணல் தட்டு, மாவில் எழுத்து, தரையில் டேப் ஒட்டி அதன்மேல் நடப்பது, எழுத்து வேட்டை என்று விளையாட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு எழுத்தைக் காட்டத் தொடங்கும் பெற்றோர் தடுமாறுவது வேறு இடத்தில். எந்த எழுத்து முதலில், அதற்கு அடுத்து எது? இதை முடிவு செய்யாமல் விளையாட்டை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், இரண்டு மாதம் கழித்துக் கையில் மிஞ்சுவது பஞ்சு ஒட்டிய அட்டைகள்தான்.

வீட்டில் நடப்பதைப் பார்த்தால் பொதுவாக நான்கு வழிகள். அ, ஆ என்று தொடங்கி வாரம் ஓர் எழுத்து. மழை, விலங்கு, வண்டி என்று ஒரு தீமை, அதாவது ஒரு கருப்பொருளை, எடுத்து அதில் வரும் சொற்களிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டுவது. எழுதச் சுலபமானதில் தொடங்கிக் கடினமானதுக்குப் போகும் வடிவ வரிசை. குழந்தையின் பெயரிலேயே தொடங்குவது. செயலியும் அச்சிட்ட பயிற்சித்தாளும் தனி வழிகள் அல்ல, துணைக் கருவிகள். அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "ம தெரியும்" என்பதில் மூன்று திறமைகள் இருக்கின்றன. ஐந்து அட்டைகளுக்கு நடுவில் ம-வைக் கண்டுபிடிப்பது ஒன்று. ம-வைப் பார்த்ததும் ஒலியைச் சொல்வது இன்னொன்று. எழுதுவது மூன்றாவது. இவை ஒரே நாளில் வருவதில்லை. வட்டத்தை ஓரளவு மூடி வரைய மூன்று வயது, கூட்டல் குறிக்கு நான்கு, சதுரத்துக்கு நாலரை, ஐந்து என்று கை மெதுவாகத்தான் பழகும். அ, இ, ண போன்றவற்றின் சுழி அதைவிடக் கடினம். மூன்று வயதுக் குழந்தை அ-வை அடையாளம் காண்பது சாத்தியம். அதையே பென்சிலால் எழுதச் சொன்னால் அழுகைதான் வரும். ஒரு வழி மேலா கீழா என்று கேட்கும்போது, இந்த மூன்றில் எதற்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வாரம் ஓர் எழுத்து

இதன் பெரிய வசதி, யோசிக்க வேண்டியதில்லை. இந்த வாரம் ஆ: ஆடு, ஆமை, ஆந்தை. ஓர் ஆட்டுப் படம், கொஞ்சம் பஞ்சு, ஒரு பாட்டு, முடிந்தது. பல பள்ளிகளிலும் இதே வரிசை என்பதால் குழந்தைக்குப் பழக்கமும் இருக்கும்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31. வாரத்துக்கு ஒன்று என்றால் ஏழு மாதம். இந்த வரிசையில் ம வருவது 23-ஆவது வாரம். அதாவது குழந்தை ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லும் "அம்மா"வைப் படிக்கத் தேவையான எழுத்தைத் தொட ஐந்து மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஔ-வுக்கு ஒரு வாரம், ஃ-க்கு ஒரு வாரம், ங-வுக்கு ஒரு வாரம் போயிருக்கும். ஔ-வில் தொடங்கும் சொல் எதுவும் நான்கு வயதுக் குழந்தையின் வாயில் புழங்குவதில்லை. உயிர்மெய்யையும் இதே முறையில் கொண்டுபோக நினைத்தால், 247 எழுத்துக்கு நாலே முக்கால் ஆண்டு.

இன்னொரு சிக்கலும் உண்டு. "இந்த எழுத்தில் தொடங்கும் பொருளைக் கொண்டு வா" என்ற விளையாட்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பொருந்தும். தமிழில் ண, ழ, ள, ற, ன ஆகியவை சொல்லின் முதலில் வரா. டப்பா மாதிரி வந்து சேர்ந்த சொற்களை விட்டால் ட-வும் அப்படித்தான். அந்த வாரங்களில் பெற்றோர் வேறு வழியில்லாமல் கடின சொற்களைத் தேடிப் பிடிப்பார்கள். ஆட்டத்தின் கேள்விக்கே விடை கிடையாது என்றால் குழந்தை எப்படி ஆடும்? இந்த எழுத்துகளுக்குத் தொடக்கத்தை விட்டுவிட்டு முடிவைப் பிடிக்க வேண்டும்: கண், மண், மான், மீன், முள், தேள். கடைசி ஒலியை இழுத்து "முள்ள்ள்" என்று சொன்னால் காதுக்கு நன்றாகக் கேட்கும். ட, ழ, ற இவற்றுக்குச் சொல்லின் நடுவே தேடலாம்: வட்டம், மழை, ஆறு.

இத்தனைக்குப் பிறகும் அகர வரிசையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பாட்டாகவும் சுவர் அட்டையாகவும் அது இருக்கட்டும். பின்னால் அகராதி பார்க்கவும் பள்ளியில் ஒப்பிக்கவும் உதவும். கையால் செய்யும் வேலைக்கு மட்டும் அந்த வரிசை வேண்டாம்.

வடிவ வரிசை

மேலிருந்து நேராக இறங்கி வலப்பக்கம் திரும்பினால் ட. அங்கிருந்து மேலே ஏறினால் ப. ஏறிய கோடு உச்சியில் உள்பக்கம் வளைந்து இறங்கி அடிக்கோட்டைத் தொட்டால் ம. ஒவ்வோர் எழுத்தும் முந்தையதோடு ஓர் அசைவைக் கூட்டுவதால் குழந்தைக்குப் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். மூன்றும் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் வருபவை.

இவற்றோடு அ-வையும் துணைக்காலையும் புள்ளியையும் பார்த்துப் பழகினால் போதும்: அம்மா, அப்பா, பாப்பா, மாமா, படம், பட்டம். ர-வைச் சேர்த்தால் மரம். மூன்று மெய், ஓர் உயிர், ஒரு கால், ஒரு புள்ளி. அதற்குள் குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த ஆறேழு சொற்கள். வேறெந்த வரிசையும் இவ்வளவு சீக்கிரம் படிக்கும் சந்தோஷத்தைத் தராது. எங்கள் பார்வையில் இந்த வழியின் உண்மையான பலம் எழுதச் சுலபம் என்பதைவிட இதுதான்.

ப் முதலா, ப முதலா என்று ஒரு கேள்வி வரும். இலக்கணப்படி மெய்தான் முன்னால். ஆனால் "ப்" என்ற ஒலியைத் தனியாகச் சொல்வது சிறு வாய்க்குக் கடினம், எழுதவும் புள்ளி கூடுதல் வேலை. ப, ம, ட என்றே தொடங்கி, "புள்ளி வைத்தால் சத்தம் நின்றுவிடும்" என்று பிறகு காட்டலாம். பானா, மானா என்ற பெயர்களையும் அப்போதைக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. "மானா" என்று பழகிய குழந்தை மரம் என்ற சொல்லை "மானா ரானா" என்றுதான் படிக்கத் தொடங்கும். ஒலியை மட்டும் சொல்லுங்கள்.

குறை என்னவென்றால், இதைத் தனியாகச் செய்தால் வறட்சியாகப் போய்விடும். கோடு, வளைவு, சுழி என்று போகும் பயிற்சியில் குழந்தைக்குக் கதை ஏதும் இல்லை. எழுத்தும் ஒலியும் பிரிந்துபோகும் ஆபத்து உண்டு, ப-வை அழகாக எழுதிவிட்டு "இது என்ன?" என்றால் "பெட்டி" என்று சொல்லும். ஒத்த வடிவங்களை அடுத்தடுத்து வைப்பதாலும் குழப்பம் வரும். ர-வையும் துணைக்காலையும் ஒரே வாரத்தில் காட்டாதீர்கள். இரண்டுக்கும் வேறுபாடு கீழே நீளும் ஒரு வால் மட்டுமே. ழ, மு இரண்டும் அப்படியே. எ-ஏ, ஒ-ஓ ஜோடிகளில் முதலாவது நன்றாக நிற்கும்வரை இரண்டாவதைத் தொட வேண்டாம்.

தீம்

ஒரு கருப்பொருளை எடுத்து இரண்டு வாரம் அதிலேயே விளையாடுவது. வீட்டில் இருக்கும் பொருள், பாட்டு, ஓவியம், நடிப்பு எல்லாம் அதைச் சுற்றியே இருக்கும். சொல் முதலில் வரும், எழுத்து பின்னால் வரும். குழந்தைக்கு இதுதான் இயல்பு. மழையைப் பற்றி ஒரு வாரம் பேசி, காகிதப் படகு விட்டு, குடை பிடித்து ஆடிய பிறகு "மழை" என்ற அட்டையைப் பார்த்தால், அதில் இருக்கும் ம-வுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

பிழை நடக்கும் இடமும் இதுதான். தீம் என்ற பெயரில் எழுத்து காணாமல் போய்விடும். விலங்குத் தீமில் அட்டைப் புலி செய்தீர்கள், முகமூடி போட்டீர்கள், குகை கட்டினீர்கள். இரண்டு வாரம் முடிந்தது, ஓர் எழுத்தும் பார்க்கவில்லை. அல்லது எதிர்ப்பக்கம்: ஒரே தீமில் இருபது சொல், பதினைந்து எழுத்து. இரண்டும் வீண். ஒரு தீமுக்கு இரண்டு புதிய எழுத்து, பழையதில் ஒன்றிரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாத் தீமும் எழுத்துக்குச் சமமாக உதவுவதில்லை. உயிரெழுத்துக்கு விலங்குகளை அடித்துக்கொள்ள ஆளில்லை: ஆடு, ஆமை, ஆந்தை, எலி, எறும்பு, எருமை, ஈ தன் பெயரே ஓர் எழுத்தாக வந்து நிற்கும். உடல் தீம் க-வுக்கு நல்லது போலத் தோன்றும், கண், காது, கால், கை என்று நிறைய சொற்கள். எழுதிப் பார்த்தால் தெரியும்: க, கா, கை மூன்றும் கண்ணுக்கு வேறு வேறு. காதால் கேட்க எல்லாம் க, கண்ணால் பார்க்க மூன்று வடிவம். எனவே உடல் தீமில் கண், கழுத்து இரண்டை மட்டும் க-வுக்கு எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பேச்சுக்கு விட்டுவிடலாம். கண்-ணோடு கன்னத்தையும் சேர்த்தால் ண, ன குழப்பத்தை நாமே கூப்பிட்டு வைத்த மாதிரி. வண்டித் தீம் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் பஸ், கார், லாரி, ஸ்கூட்டர் என்று வந்த சொற்களும் ஸ-வும் புகுந்துவிடும். அதில் சொற்களை நம்பாமல், பொம்மைக் காரை எழுத்துச் சாலையில் ஓட்டும் விளையாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பெயரில் தொடங்குவது

தன் பெயரின் முதல் எழுத்தைத்தான் குழந்தைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் அடையாளம் காண்பார்கள். ஆர்வத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. தண்ணீர் பாட்டில், செருப்பு வைக்கும் இடம், ஓவியம் எல்லாவற்றிலும் பெயரை ஒட்டிவிட்டால் போதும், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பெயர்கள் நம் வசதிக்கு அமைவதில்லை. ஸ்ரீ, ஷ், ஜ, ஹ என்று கிரந்த எழுத்தும் கொம்பும் சுழியும் கலந்து வரும். எனவே பெயரை முழுப் படமாகப் பார்க்கப் பழக்குங்கள், பிரித்து எழுதச் சொல்லாதீர்கள். இது தொடக்கத்துக்கு நல்ல வாசல். அதற்கு மேல் இதை வைத்துக்கொண்டு ஒரு பாடத்திட்டம் போட முடியாது.

எதை எடுப்பது

எங்கள் தேர்வு: வெளியே தீம், உள்ளே வடிவ வரிசை. குழந்தைக்குத் தெரிவது மழையும் ஆடும் வண்டியும். பெற்றோர் மட்டும் அடியில் ப, ம, ட, ர என்ற வரிசையை மனதில் வைத்துத் தீம்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் "நம் வீட்டு ஆட்கள்". அம்மா, அப்பா, பாப்பா, மாமா. புது எழுத்து ப, ம. அ-வும் துணைக்காலும் புள்ளியும் பார்வைக்கு மட்டும். அடுத்த இரண்டு வாரம் "காற்றும் மரமும்": பட்டம், மரம், படம். புது எழுத்து ட, ர. துணைக்கால் ஏற்கெனவே பழகியிருப்பதால் ர இப்போது குழப்பாது. மூன்றாவதாக விலங்கு, ஆ, எ. நான்காவது உடல், க, ண். பத்து வாரத்தைத் தாண்டும்போது பத்தெழுத்தைப் பார்த்த உடனே சொல்லும் குழந்தை நன்றாக முன்னேறுகிறது என்றுதான் அர்த்தம். அவசரப்பட ஒன்றுமில்லை.

ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். அதையும் காலை ஐந்து, மாலை ஐந்து என்று பிரித்தால் இன்னும் நன்றாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைப்பது இதற்கு ஈடாகாது.

முதல் தீமின் ஒரு நாள் இப்படி இருக்கும். அம்மா, அப்பா படங்களை 10 செ.மீ. அட்டைகளில் ஒட்டி, பெயரைப் பின்பக்கம் எழுதுங்கள், முன்பக்கம் அல்ல. இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் பாதிப் பயன் இங்கேதான் இருக்கிறது. படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் இருந்தால் குழந்தை படத்தைப் பார்த்துத்தான் சொல்லும். அணில் படம் போட்ட அ அட்டையை விறுவிறுவென்று சொல்லும் குழந்தையிடம் படத்தை விரலால் மறைத்துக் கேட்டுப் பாருங்கள், தெரியும். ம-வை மட்டும் சிவப்பில் எழுதி மற்றதைக் கருப்பில் எழுதுவதும் முதல் வாரத்துக்குச் சரி. இரண்டாவது வாரம் எல்லாம் கருப்பாக வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு என்றால் ம என்று பதிந்துவிடும்.

அட்டையைக் காட்டும் முறைக்கு மூன்று படி. "இது ம, இது ப" என்று நீங்கள் சொல்வது முதல் படி. "ம எங்கே? ம-வை நாற்காலிமேல் வை. ப-வைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வை" என்று குழந்தையைத் தேட வைப்பது இரண்டாவது. "இது என்ன?" என்று கேட்பது மூன்றாவது. பெரும்பாலோர் முதல் படியிலிருந்து நேரே மூன்றாவதற்குத் தாவிவிடுகிறார்கள். குழந்தை தப்பாகச் சொல்லும், பெரியவர் திருத்துவார், ஆட்டம் பரீட்சை ஆகிவிடும். இரண்டாவது படியில் மூன்று, நான்கு நாள் தங்குங்கள்; விளையாட்டு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவதில் தடுமாறினால் திருத்தாமல் மறுநாள் இரண்டாவதற்கே திரும்பிவிடலாம்.

இடையில் தமிழுக்கே வாய்த்த ஒரு வசதியையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: ஓரெழுத்துச் சொற்கள். வா, போ, தா, பூ, கை, பை, தீ, ஈ. இவற்றை உயிர்மெய்யாகப் பிரிக்காமல் முழு வடிவமாகவே காட்டலாம். வா, போ, தா என்று மூன்று பெரிய அட்டைகள். பேசாமல் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினால் குழந்தை அதன்படி செய்ய வேண்டும்: வர வேண்டும், போக வேண்டும், கையில் உள்ளதைத் தர வேண்டும். பிறகு குழந்தை அட்டையைத் தூக்கட்டும், நீங்கள் ஓடுங்கள். அச்சில் இருப்பது ஒரு செய்தி என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

கருவிகள், அளவுகள்

மணல் தட்டுக்கு 20 × 30 செ.மீ. அளவில், 3 செ.மீ. விளிம்பு உள்ள தட்டு போதும். உள்ளே அடர்ந்த நிறக் காகிதம் ஒட்டி, அரை செ.மீ. உயரத்துக்கு மட்டும் மணலோ ரவையோ பரப்புங்கள். நிரப்பிவிட்டால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும், அடியில் உள்ள நிறமும் தெரியாது. மென்மாவு விரலில் ஒட்டும், பறக்கும். உப்பு ஈரக் காற்றில் கட்டிதட்டும், விரலில் கீறல் இருந்தால் எரியும். ஒரு விரலால்தான் எழுத வேண்டும். ஒன்று எழுதியதும் தட்டை லேசாக ஆட்டினால் அழிந்துவிடும். குழந்தைக்கு இந்த அழிப்பு எழுதுவதைவிடப் பிடிக்கும், அதனாலேயே பத்துத் தடவை எழுதும்.

சொரசொரப்பான எழுத்து அட்டை இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய பள்ளியின் வழி வந்தது. உப்புத்தாளை வெட்டி ஒட்டுவது வழக்கம். தமிழ் எழுத்தின் சுழிகளை உப்புத்தாளில் வெட்டுவதற்குள் கத்தரிக்கோல் மழுங்கிவிடும். தடித்த அட்டையில் 10 செ.மீ. உயரத்துக்கு எழுத்தை வரைந்து, அதன்மேல் விரல் அகலத்துக்குப் பசை தடவி, மெல்லிய மணலைத் தூவி ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் தட்டினால் உதிர வேண்டியது உதிர்ந்துவிடும். தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் பொட்டு, முடியும் இடத்தில் சிவப்பு. விரல் எப்போதும் பச்சையிலிருந்து சிவப்புக்கு.

பிசைந்த மாவில் எழுத்து செய்ய: மாவு 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, தண்ணீர் சுமார் முக்கால் கப், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைய வேண்டும். விரிசல் விட்டால் தண்ணீர் போதவில்லை. கையில் ஒட்டினால் மாவு கூட்ட வேண்டும். மூடிய டப்பாவில் சில நாள் இருக்கும். உருட்டும் திரி பென்சில் தடிமனுக்கு வரவேண்டும். விரல் தடிமனுக்கு உருட்டினால் அ-வின் சுழி அடைத்துக்கொண்டு வெறும் உருண்டையாகிவிடும். ட, ப, ம தான் மாவுக்கு ஏற்றவை. சுழி எழுத்துகளைப் பிறகு 15 செ.மீ. உயரத்தில் செய்யலாம். உப்பு அதிகம் என்பதால் குழந்தை இதைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரை எழுத்துக்கு மாஸ்கிங் டேப், ஒன்றரை மீட்டர் உயரம். அதன்மேல் நடக்கலாம், பொம்மைக் கார் ஓட்டலாம். கார் பச்சைப் பொட்டில் புறப்பட வேண்டும் என்ற ஒரே விதி போதும், கோட்டின் திசை தானாகப் பதியும். கையைத் தூக்கி எழுத வேண்டிய எழுத்துகளில் கார் "பாலம் தாண்டுகிறது" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் வைத்து ஒரு கைவேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி: குழந்தையின் கை எழுத்தின் பாதையில் போகிறதா? ஆ-வின் உள்ளே பஞ்சு நிரப்பினால் போகவில்லை. அது கைவேலை, எழுத்து அல்ல. பச்சைப் பொட்டிலிருந்து வரிசையாகப் பொட்டு ஒட்டிக்கொண்டே போனால் அதே நேரம் எழுத்துக்குக் கணக்காகும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், 3 செ.மீ.க்கும் சிறிய பொட்டு, மணி, விதை எதுவும் கைக்கு எட்டக்கூடாது. சிறிய காந்த உருண்டைகள் பெரிய குழந்தைக்கும் வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று இழுத்துப் பெரிய கேடு செய்யும். காந்த எழுத்து வேண்டுமென்றால் அட்டையில் எழுதிப் பின்னால் காந்தத் தகடு ஒட்டிக்கொள்வதே மேல்.

பென்சிலுக்கு முன் உடைத்த கிரேயான். 3, 4 செ.மீ. துண்டை முழுக் கையால் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாகச் சேரும். எழுத்து உயரத்தை 15, 10, 5 செ.மீ. என்று மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டு வரவேண்டும். அச்சிட்ட பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் கடைசிப் படியில் தொடங்குபவை. அதனால்தான் மூன்றரை வயதில் அவை பயனற்றவை, ஐந்தில் நல்லவை. செயலியில் கண்ணாடிமேல் விரல் வழுக்கும், தொடங்கும் இடம் தவறினாலும் பல செயலிகள் கைதட்டிவிடும். ஒலி கேட்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் ழ, ள, ல மூன்றையும் அது எப்படி உச்சரிக்கிறது என்று நீங்கள் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. பரணில் கிடக்கும் பழைய எழுத்து அட்டையை எடுப்பதானால், அது 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதா என்று பாருங்கள். அவற்றில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை பழைய வடிவில் இருக்கும்.

யாருக்கு எது மாறும்

வீட்டில் தமிழ் அதிகம் புழங்காத குழந்தைக்கு வடிவ வரிசையை முன்னால் வைக்காதீர்கள். சொல்லே தெரியாதவருக்கு எழுத்து வெறும் கோடு. அங்கே தீம்தான் தலைமை: முதல் வாரம் முழுக்க ஐந்தாறு சொற்களைத் தொட்டு, தூக்கி, நடித்துப் பழகட்டும்; எழுத்து அட்டை இரண்டாவது வாரத்தில் வந்தால் போதும். தீமுக்கு இரண்டு எழுத்து என்பதை ஒன்றாக்கிவிடலாம்.

ஆங்கில எழுத்தும் கூடவே நடக்கிறது என்றால், ட-வும் எல்-லும் ஒரே வடிவம், ப-வும் யூ-வும் ஏறக்குறைய ஒரே வடிவம் என்பதை மறக்கக்கூடாது. இவற்றுக்கு இடையே சில வாரம் இடைவெளி விடுங்கள். தமிழ் அட்டைக்கு ஒரு நிறம், ஆங்கில அட்டைக்கு வேறு நிறம். தமிழ் காலையில், ஆங்கிலம் மாலையில்.

மூன்று வயது ஆகவில்லை, ஓரிடத்தில் இரண்டு நிமிடம் இருப்பதில்லை என்றால் பெயர் அட்டையும் வா-போ-தா ஆட்டமும் போதும். நாலரை வயதாகி, நன்றாகப் பேசி, தானாக "இது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கும் குழந்தைக்குத் தீம் வேலையைச் சுருக்கி வடிவ வரிசையில் வேகமாகப் போகலாம், வாரத்துக்கு இரண்டு எழுத்துகூடத் தாங்கும். சில மாதத்தில் பள்ளி தொடங்கப்போகிறது, அங்கே அ-விலிருந்து எழுத வைப்பார்கள் என்ற கவலை இருந்தால், அகர வரிசைப் பாட்டை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்; எழுத்தை மட்டும் இந்த வரிசையிலேயே விடுங்கள். எழுத்து திரும்பிப் போவது, இடம் வலம் மாறுவது ஆறேழு வயதுவரை சகஜம். அதற்காகத் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.

உயிர்மெய் எப்போது என்றால், பத்துப் பன்னிரண்டு எழுத்து தடையில்லாமல் வந்த பிறகு. துணைக்கால் ஏற்கெனவே பழகியதால் கா, பா, மா தானாக வரும். ப அட்டையின் இடப்பக்கம் கொம்பு, இரட்டைக்கொம்பு அட்டைகளை வைத்துப் பெ, பே காட்டலாம். வலப்பக்கம் துணைக்காலையும் சேர்த்து வைத்தால் பொ, போ. அட்டைகளை நகர்த்தி விளையாட இவை அருமையாக அமையும். ி, ீ இரண்டும் எழுத்தின் தலையில் ஒட்டுவதால் ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து மேலே வைக்க வேண்டும். ு, ூ வரிசைக்கு இந்த ஆட்டம் பலிக்காது. கு, டு, து, பு என்று பல விதமாக வடிவம் மாறும், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு துண்டைப் பிரித்தெடுக்க முடியாது. அவற்றைப் பூ, முள், குடை, துணி என்று சொல்லோடு சொல்லாக, ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். அதற்குள் குழந்தை பள்ளியில் சேர்ந்திருந்தால் அந்த வேலையைப் பள்ளிக்கே விட்டுவிடலாம்.